வொண்டர்லா போக ஒரு குடும்பத்துக்கு உண்மையிலேயே எவ்வளவு ஆகும்? ராயபுரத்துல இருந்து ஒரு கணக்கு

சம்பளம் வாங்க ஆரம்பிச்ச முதல் ரெண்டு மூணு வருஷத்துல எல்லாருக்கும் ஒரு ஆசை வரும். நம்ம வீட்டாளுங்கள ஒரு நாளாவது ஜாலியா வெளிய கூட்டிட்டுப் போகணும், பில்லை நாம கட்டணும். ரொம்ப நியாயமான ஆசை. இதுல "வீண் செலவு"ன்னு லெக்சர் அடிக்கப் போறதில்ல. ஆனா டிக்கெட் விலையை மட்டும் பார்த்துட்டு கிளம்பினா, மாசக் கடைசியில கை கடிக்கும். அதனால மொத்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துடுவோம்.

சென்னைக்காரங்களுக்கு தீம் பார்க்னா முன்னாடி ஈசிஆர்ல விஜிபி, எம்ஜிஎம், பூந்தமல்லி தாண்டி குயின்ஸ்லேண்ட், தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா. (கிஷ்கிந்தாவை ஆரம்பிச்சது 'மைடியர் குட்டிச்சாத்தான்' எடுத்த நவோதயா அப்பச்சன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?) 2025 டிசம்பர்ல திருப்போரூர் பக்கம் இள்ளலூர்ல வொண்டர்லா திறந்தாங்க. கொச்சி, பெங்களூரு, ஹைதராபாத், புவனேஸ்வருக்கு அப்புறம் அவங்களுக்கு இது அஞ்சாவது பார்க். சுமார் 611 கோடி ரூபாய் முதலீடு, 43 ரைடு. 'தஞ்சோரா'ன்னு ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கு, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துட்டு தலைகீழா போகணும். அதைச் செஞ்சது சுவிட்சர்லாந்தோட போலிகர் அண்ட் மபில்லார்ட் கம்பெனி.

திறந்தப்ப ஆரம்பக் கட்டணம் 1,489 ரூபாய்னு அறிவிச்சாங்க. ஆன்லைன்ல முன்கூட்டியே போட்டா 10 சதவீதம், கல்லூரி அடையாள அட்டை இருந்தா 20 சதவீதம் தள்ளுபடி. சனி, ஞாயிறுல விலை ஏறும். இந்த மாதிரி பார்க்ல கட்டணம் நாளைப் பொறுத்து மாறும், அதனால நீங்க போற தேதியைப் போட்டுப் பார்த்துட்டுதான் முடிவு பண்ணணும்.

அந்த விலைக்குள்ள ஒரு வரிக் கதையும் இருக்கு. 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்தப்ப தீம் பார்க் டிக்கெட்டுக்கு 28 சதவீதம். 2018 ஜனவரில அது 18 ஆச்சு. தமிழ்நாட்டுல இதுக்கு மேல உள்ளாட்சி கேளிக்கை வரி 10 சதவீதம் இருந்துச்சு. சென்னை பார்க் பல வருஷம் இழுத்ததுக்கு அந்த வரியும் ஒரு காரணம். அரசு விலக்கு கொடுத்த பிறகுதான் வேலை சூடு பிடிச்சது. நமக்கு இதுல தேவையான விஷயம் ஒண்ணுதான்: ஆன்லைன்ல முதல் பக்கத்துல காட்டுற விலையை நம்பாதீங்க. பணம் கட்டுற கடைசிப் பக்கத்துல வரி எல்லாம் சேர்ந்து என்ன தொகை வருதோ, அதுதான் விலை.

இப்போ நம்ம கணக்கு

ராயபுரத்துல ஒரு வீடு. நீங்க, அப்பா, அம்மா, காலேஜ் படிக்கிற தங்கச்சி. உங்க கைக்கு வர்ற சம்பளம் 25,000. அப்பா காசிமேடு துறைமுகத்துல தினக்கூலி, அம்மா மீன் வியாபாரம். தொகை எல்லாம் உதாரணத்துக்கு நான் வெச்சது, உங்க வீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

டிக்கெட்டை 1,500னு ரவுண்டா வெச்சா நாலு பேருக்கு 6,000. மூணு பேருக்கு 10 சதவீதம், தங்கச்சிக்கு 20 சதவீதம் கழிச்சா 5,250. வெளிச் சாப்பாடு உள்ள விடமாட்டாங்க, அதனால தலைக்கு 400 வீதம் 1,600. தண்ணி ரைடுல காட்டன் துணி கூடாது, நைலான் மாதிரி துணிதான். அங்க போய் வாங்கினா விலை கூடத்தான் இருக்கும். எம்.சி. ரோடுல முன்னாடியே வாங்கி வெச்சுட்டா நல்லது. துணியும் லாக்கரும் சேர்த்து 1,000. ரயில், பஸ், ஷேர் ஆட்டோ 500. இதுவரைக்கும் 8,350.

பெரும்பாலானவங்க இங்க கணக்கை முடிச்சுடுவாங்க. ஆனா அப்பா அன்னிக்கு வேலைக்குப் போகலை, 900 ரூபாய் போச்சு. அம்மா வியாபாரம் ஒரு நாள் நின்னா 500. மாசச் சம்பளம் வாங்குற நமக்கு லீவுன்னா லீவு, காசு வந்துடும். தினக்கூலிக்கு அப்படி இல்ல. "எனக்கு வேலை இருக்கு, நீங்க போயிட்டு வாங்க"ன்னு அப்பா நழுவுறாருன்னா பல வீட்ல அதுக்குக் காரணம் இந்த 900 ரூபாய்தான், வாயைத் திறந்து சொல்ல மாட்டாரு. அந்த 1,400ஐயும் பட்ஜெட்டுக்குள்ள சேருங்க. முதல் நாள் ராத்திரியே அவங்க கையில குடுத்துடுங்க. மொத்தம் 9,750. ஒரு மாச சம்பளத்துல 39 சதவீதம்.

ரயில், பஸ்ஸுக்குப் பதிலா கார் வாடகைக்கு எடுத்து, போக வர 3,500 ஆச்சுன்னா இது 12,750. பாதி சம்பளம் காலி.

எந்த நாள் போறது?

ஆபீஸ் ஆட்களுக்கு ஞாயிறுதான் வசதி. ஆனா காசிமேட்ல ஞாயித்துக்கிழமைதான் கூட்டம் அலைமோதும், மீன் வியாபாரம் உச்சத்துல இருக்கும் நாள். நம்ம ஏரியா வீடுகளுக்கு ஞாயிறு டிக்கெட்டும் அதிகம், இழக்குற வருமானமும் அதிகம். உங்ககிட்ட கேஷுவல் லீவு இருந்தா வேலைநாளே பெஸ்ட். லீவு தீர்ந்து, சம்பளம் பிடிப்பாங்கன்னா? 25,000ஐ 30ஆல வகுத்தா ஒரு நாள் 833. வார இறுதியில டிக்கெட் தலைக்கு 300 கூடன்னு வெச்சா நாலு பேருக்கு 1,200. அப்பவும் வேலைநாள்தான் ஜெயிக்குது. ஒரே ஆளா போனா கணக்கு அப்படியே உல்டா.

இன்னொரு சிக்கல் இருக்கு. நம்ம கடற்கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. அதே நேரம்தான் ஸ்கூல் லீவு. வீட்ல எல்லாருக்கும் நேரம் இருக்கு, கையில காசு இல்ல. அரசு நிவாரணம் 8,000 ரூபாய், அது ரெண்டு மாச அரிசி பருப்புக்கே சரியா இருக்கும். அந்தக் காசுல கை வைக்கவே கூடாது. மே மாசம் போகணும்னா நவம்பர்லயே ஆரம்பிக்கணும். மாசம் 1,625 வீதம் நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரை ஆறு மாசம் போட்டா 9,750 ரெடி. தடைக்காலத்துல அப்பா அம்மா வருமான இழப்பும் இருக்காது, அந்த 1,400 அப்படியே கையில மிஞ்சும்.

ஆர்டி போட்டா வட்டி எவ்வளவுன்னு கேட்பீங்க. ஆறு மாசத்துக்கு நூத்திச் சொச்சம் ரூபாய்தான். வட்டிக்காகப் போடச் சொல்லலை. அது ஜிபே பேலன்ஸ்ல கண்ணுக்குத் தெரியாம இருக்கும் இல்லையா, அதுக்காக.

கிரெடிட் கார்டுல தேய்ச்சுட்டு அடுத்த மாசம் முழுசா கட்ட முடியும்னா தேய்ங்க, தப்பில்ல. 'மினிமம் ட்யூ' மட்டும் கட்டுறதா இருந்தா வேண்டாம். மாசம் 3.5 சதவீத வட்டின்னா 9,750க்கு 341 ரூபாய், அந்த வட்டிக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 400 ரூபாய். ஒரு ஆள் மதியச் சாப்பாட்டுக் காசு, முதல் மாசத்துக்கே. போதாததுக்கு, பாக்கி இருக்குறவரை அந்தக் கார்டுல புதுசா வாங்குற எதுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. இதைப் பத்தி தனியா ஒரு வீடியோ போட்டிருக்கேன், பார்க்காதவங்க பாருங்க.

போற வழி

ராயபுரம் ஸ்டேஷன்ல ஏறினா அடுத்தது பீச். அங்க மாறி தாம்பரம் ரயில் பிடிங்க, பீச்ல இருந்து டிக்கெட் பத்து ரூபாய்தான். தாம்பரத்துல இருந்து கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கம் பஸ். சாதாரண கட்டண பஸ் கிடைச்சா அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் இலவசம். மாசம் 1,000 ரூபாய் பாஸ் வெச்சிருக்கவங்க ஏசி இல்லாத எம்டிசி பஸ்ல தனியா டிக்கெட் எடுக்க வேண்டாம். எப்படியும் மூணு மணி நேரம் வெச்சுக்கோங்க. கேட் திறக்குறப்பவே உள்ள போகணும், ஏன்னா லேட்டாகுற ஒவ்வொரு மணி நேரமும் 1,500 ரூபாய்ல இருந்துதான் கழியுது.

வீட்ல யார் ரைடு ஏறுவாங்கன்னு முன்னாடியே கேளுங்க. பிரஷர், முதுகு வலி, கர்ப்பம்னா பெரிய ரைடு எதுலயும் ஏத்தமாட்டாங்க. ஏறாம பெஞ்சுல உட்கார்ந்து பையைப் பார்த்துக்கிறவங்களுக்கும் டிக்கெட் உண்டு. அம்மா "எனக்கு வேணாம்பா, தலை சுத்தும்"னு சொன்னா அதை மதிங்க. அந்தக் காசுல தீவுத்திடல் பொருட்காட்சிக்கு நாலு பேரும் போய், ராட்டினம் சுத்தி, டெல்லி அப்பளம் சாப்பிட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள வீடு வந்து சேரலாம். பொங்கல் சமயத்துல அது நடக்குது, வியாபாரம் முடிச்சுட்டு சாயங்காலம் கிளம்பலாம், கூலியும் போகாது. குட்டிப் பசங்க இருந்தா உயரத்தை அளந்துட்டுப் போங்க. டிக்கெட்டும் ரைடும் வயசைப் பார்த்து இல்ல, உயரத்தைப் பார்த்துதான்.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் போறவங்க டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி தேதி மாத்துற விதியைப் படிங்க. மழை எச்சரிக்கை வந்தா 5,250 ரூபாய் திரும்ப வருமா, இல்ல வேற தேதிக்கு மாத்திக்க மட்டும்தான் விடுவாங்களான்னு அதுலதான் இருக்கும்.