ஓமோன் வாங்கிகளும் போலி ஓமோன்களும்

மனித உடலிலுள்ள கலங்களில், முதிர்ந்த செங்குருதிக் கலம் போன்ற சிலவற்றை நீக்கினால், ஏனைய யாவும் ஏறத்தாழ ஒரே பரம்பரைச் செல்வத்தையே தாங்கி நிற்கின்றன. ஈரற் கலத்தின் கருவினுள்ளும் எலும்புக் கலத்தின் கருவினுள்ளும் உள்ளவை அதே இருபதினாயிரம் அளவிலான பரம்பரையலகுகளே. ஆயினும் ஈரல் எலும்பாவதில்லை, எலும்பு ஈரலாவதில்லை. காரணம் யாதெனில், ஒவ்வொரு கலத்திலும் சில பரம்பரையலகுகள் தொழிற்படுகின்றன. பல வாளா கிடக்கின்றன. எது எப்போது தொழிற்படவேண்டும் என்பதை அறிவிக்கும் தூதுவருள் ஓமோன்கள் தலையாயவை. 1905ஆம் ஆண்டில் இங்கிலாந்து உடற்றொழிலியலறிஞர் ஏர்னெஸ்ட் ஸ்ராலிங் வழக்கிற்குக் கொணர்ந்த இச்சொல், தூண்டுதல் எனப் பொருள்படும் கிரேக்க மொழியடியாகப் பிறந்தது.

பெண்மைக்குரிய ஓமோன்களெனப் போற்றப்படும் ஈஸ்திரோசன்கள், கொலஸ்திரோலை மூலப்பொருளாகக் கொண்டு பெரும்பாலும் சூலகத்தில் உருவாகின்றன. ஆடவர் உடலிலும் இவை சிறிதளவு உண்டு. அவர்தம் எலும்பின் உறுதிக்கும் இவை வேண்டற்பாலன. 1929ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டொய்சியும் ஜேர்மனியில் பூட்டெனாந்தும் தனித்தனியே முயன்று ஈஸ்திரோன் என்னும் ஓமோனைத் தூய நிலையிற் பிரித்தெடுத்தனர். பொருள் கைக்கு வந்தது. அது செயலாற்றும் முறையோ மறைவாகவே இருந்தது. நொதியங்களின் தாக்கங்களிற் பங்குகொண்டு, தானும் மாற்றமுற்றே ஓமோன் பயன் விளைக்கின்றது என அக்காலத்து அறிஞர் பலர் எண்ணினர்.

இவ்வெண்ணத்தை மாற்றியவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்வூட் ஜென்சன் ஆவர். 1950களின் பிற்பகுதியில் அவரும் அவர்தம் துணைவரும் திரித்தியம் என்னும் கதிர்வீசும் ஐதரசனை ஈஸ்திரடையோல் மூலக்கூற்றில் இணைத்து, முதிராத பெண் எலிகளுக்குச் செலுத்தினர். குருதியோடு எங்கும் பரவிய ஓமோன் பிற இழையங்களிலிருந்து விரைவில் அகன்றது. கருப்பை முதலிய உறுப்புக்களிலோ நெடுநேரம் தங்கி நின்றது. அவ்வாறு தங்கியது எவ்வித இரசாயன மாற்றமும் அடையவில்லை. எனவே, அதனைப் பற்றிக்கொள்ளும் புரதமொன்று அவ்வுறுப்புக்களின் கலங்களில் இருத்தல் வேண்டும் என்பது பெறப்பட்டது. அப்புரதமே வாங்கி எனப்படும். அதனை ஆக்கும் பரம்பரையலகின் அமைப்பு 1986இல் வெளியாயிற்று. 1996இல் சுவீடனில் இரண்டாவது வாங்கி ஒன்றும் கண்டறியப்பட, முன்னையது அல்பா எனவும் பின்னையது பீற்றா எனவும் பெயர் பெற்றன.

வாங்கி தொழிற்படும் முறை வியப்புக்குரியது. ஓமோன் வந்தடையும்வரை வேறு சில புரதங்கள் அதனைப் பற்றி அடக்கி வைத்திருக்கின்றன. கொழுப்பிற் கரையும் இயல்புடைய ஈஸ்திரடையோல் கலமென்சவ்வை எளிதிற் கடந்து சென்று, வாங்கியின் உட்குழியிற் பொருந்துகின்றது. உடனே வாங்கியின் வடிவம் மாறுகின்றது. காவற் புரதங்கள் விலகுகின்றன. வாங்கிகள் இவ்விரண்டாகச் சேர்கின்றன. நாக அணுக்களால் தாங்கப்பெற்ற விரல் போன்ற பகுதிகளால், அவ்விணை டி. என். ஏ. இழையிற் குறித்ததோர் எழுத்துத் தொடரைப் பற்றிக்கொள்கின்றது. ஆறு எழுத்துக்கள், இடையே மூன்று, மீண்டும் ஆறு என்பதே அத்தொடரின் அமைப்பு. திருஞானசம்பந்தர் பாடிய மாலைமாற்றுப் பதிகம் முன்னிருந்து வாசிப்பினும் பின்னிருந்து வாசிப்பினும் ஒன்றாயிருத்தல் தமிழறிந்தார் யாவரும் அறிந்ததே. அதனையொப்ப, டி. என். ஏ.யின் ஓரிழையை ஒரு புறமிருந்தும் எதிரிழையை மறுபுறமிருந்தும் வாசிப்பின் இவ்வாறெழுத்துத் தொடர் ஒன்றாகவே அமையும். இணைந்த வாங்கிகள் இரண்டும் பக்கத்துக்கொன்றாக அமர்வதற்கு ஏற்ற இருக்கை இதுவேயாம்.

இருக்கையில் அமர்ந்த வாங்கி தனித்து நின்று வினையாற்றுவதில்லை. அதன் ஓரத்தேயுள்ள சுருளொன்று ஓமோனை மூடியவாறு மடிந்து, துணைப் புரதங்கள் வந்து பொருந்த இடமளிக்கின்றது. அவை டி. என். ஏ. சுற்றப்பட்டுள்ள இஸ்தோன் புரதங்களின் இறுக்கத்தைத் தளர்த்த, பரம்பரையலகின் செய்தி ஆர். என். ஏ.யாகப் படியெடுக்கப்பட்டுப் புதுப் புரதம் ஆக்கப்படுகின்றது. துணைப் புரதங்கள் இழையத்துக்கு இழையம் வேறுபடுதலின் விளைவும் வேறுபடும். மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தாகும் தமொக்சிபென் மார்பகத்தில் ஈஸ்திரோசனைத் தடுக்கின்றது. கருப்பையிலோ அதனைத் தூண்டுகின்றது.

இத்துணை நுட்பமான பூட்டு, தன் திறவுகோலைத் தெரிவதில் அத்துணைக் கண்டிப்புடையதன்று. பீனோல் வளையமொன்றும், உரிய தொலைவில் வேறோர் ஐதரொட்சில் கூட்டமும் கொண்ட மூலக்கூறுகள் பல அதனுட் புகவல்லன. இலண்டனைச் சேர்ந்த சாள்ஸ் டொட்சும் அவர்தம் துணைவரும் 1936இல் பிசுபீனோல் ஏ என்னும் செயற்கைப் பொருளுக்கு ஈஸ்திரோசன் இயல்பு உண்டெனக் காட்டினர். 1938இல் அதனினும் பன்மடங்கு வலிய டையெதில்ஸ்டில்பெஸ்திரோலை ஆக்கினர்.

இப்பிந்திய பொருளின் வரலாறு துயர் நிறைந்தது. கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையால் 1940கள் முதல் அமெரிக்காவிற் கருவுற்ற பெண்டிர்க்கு இது வழங்கப்பட்டது. அந்நம்பிக்கைக்கு ஆதாரமில்லை என 1953இல் சிக்காகோவில் நடந்த ஒப்பீட்டாய்வு காட்டியும் வழக்கம் நிற்கவில்லை. 1971இல் பொஸ்ரன் நகர மருத்துவர்கள், இளம்பெண்கள் எண்மருக்கு யோனியில் அரிதானதொரு புற்றுநோய் தோன்றியதை ஆராய்ந்தபோது, அவர்களுள் எழுவரின் தாய்மார் கருவுற்றிருந்த காலத்தில் இம்மருந்தை உட்கொண்டிருந்தமை தெரியவந்தது. மருந்து உண்டவர் தாய்; நோயுற்றவர் மகள். அவ்வாண்டிலேயே கருவுற்றோர்க்கு இதனை வழங்கலாகாது என அமெரிக்க அரசு அறிவித்தது.

ஒருமுறை பெற்ற தூண்டுதல் ஆண்டுகள் பல கழிந்தும் விளைவு தருதல் எங்ஙனம்? இவ்வினாவுக்கு எலிகளில் நிகழ்ந்த ஆய்வொன்று ஓரளவு விடை பகர்கின்றது. பிறந்தவுடன் இம்மருந்து பெற்ற பெண் சுண்டெலிகளின் கருப்பையில், லற்றோபெரின் என்னும் புரதத்துக்குரிய பரம்பரையலகின் அருகே டி. என். ஏ. மீது வழமையாக இருக்கும் மெதைல் அடையாளங்கள் சில அற்றுப்போயிருந்தமை 1997இல் அறிவிக்கப்பட்டது. எழுத்து மாறவில்லை, எழுத்தின்மேல் இட்ட குறியே மாறிற்று. வளர்ச்சிப் பருவத்தில் இடப்படும் குறி வாழ்நாள் முழுதும் நிலைக்கக்கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

போலி ஓமோன்கள் மனிதன் ஆக்கியவை மட்டுமல்ல. 1940களில் மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒருவகைக் குளோவர்ப் புல்லை மேய்ந்த செம்மறியாடுகள் மலடாயின. அப்புல்லிலுள்ள போமொனொனெற்றின் என்னும் பொருள் ஆட்டின் இரைப்பையில் ஈஸ்திரோசன் போன்றதாக மாறியமையே காரணமாம். இங்கிலாந்தின் கழிவுநீர் கலந்த ஆறுகளிலோ வேறொரு புதுமை தோன்றிற்று. முட்டையின் மஞ்சட்கருவுக்கு வேண்டிய விற்றலோசெனின் என்னும் புரதம் ஆண்மீன்களின் குருதியிலே காணப்பட்டமை 1990களில் வெளிவந்தது. அதற்குரிய பரம்பரையலகு ஆண்மீனின் ஈரலிலும் உண்டு. எழுப்புவார் இன்மையால் உறங்கிக் கிடப்பது அது. மக்களின் கழிவோடு ஆற்றிற் சேர்ந்த ஈஸ்திரோசன்கள் அதனை எழுப்பிவிட்டன. 2001 முதல் 2003 வரை கனடாவில் ஆய்வுக்கென ஒதுக்கிய ஏரியொன்றில், கருத்தடை மாத்திரையிலுள்ள எதினைல் ஈஸ்திரடையோல் இலீற்றருக்கு 5 முதல் 6 நனோகிராம் அளவிற் சேர்க்கப்பட்டது. அங்கு வாழ்ந்த சிறுமீனினம் ஒன்று அழிவின் விளிம்பை எய்திற்று. மருந்து சேர்ப்பது நின்று சில ஆண்டுகளின் பின்னரே அது மீண்டும் பெருகிற்று.

பிசுபீனோல் ஏயின் கதையும் நோக்கற்பாலது. 1993இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர், மதுவத்தில் ஈஸ்திரோசன் உண்டெனத் தாம் கருதியது, வெப்பமூட்டிய பொலிகாபனேற்றுக் குடுவையிலிருந்து கசிந்த பிசுபீனோல் ஏயே எனக் கண்டனர். மேற்கூறிய வாங்கிகளைப் பற்றுவதில் இது ஈஸ்திரடையோலினும் பல நூறு மடங்குக்கு மேல் வலி குன்றியது. எனவே, இதனால் மனிதர்க்கு விளையும் தீங்கின் அளவு குறித்து அறிஞரிடையே நெடுங்காலம் கருத்து வேறுபாடு நிலவிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் குழந்தைகளின் பாற்போத்தல்களிலும், 2024 டிசம்பரில் இயற்றிய விதியால் உணவுடன் தொடுகையுறும் பொருட்கள் பெரும்பாலானவற்றிலும் இதனை விலக்கியது.

நஞ்சின் தீமையை அளவொன்றினாலேயே நிறுத்தறிதல் பண்டைய முறை. ஓமோனை ஒத்த பொருட்களுக்கு அம்முறை மட்டும் போதாது. பெற்ற அளவோடு பெற்ற பருவத்தையும் ஆராய்தல் வேண்டும். வளர்ந்தோரிற் கடந்துபோகும் தூண்டுதல் கருவிலுள்ள சிசுவில் நிலைத்துவிடலாம். சந்தைக்கு வரும் புதுப்பொருள் ஒவ்வொன்றும் வாங்கிகளோடு எவ்வாறு உறவாடும் என்பதை முற்கூட்டியே சோதித்தறிதல் அறிவியலின் கடன். அச்சோதனையை வற்புறுத்துதல் அரசின் கடன். டையெதில்ஸ்டில்பெஸ்திரோலைப் பொறுத்தவரை, 1953இல் வெளிவந்த உண்மைக்குச் செவிசாய்க்கப் பதினெட்டு ஆண்டுகள் சென்றன. அத்தாமதத்தின் விலையைச் செலுத்தியோர் அப்போது பிறந்தேயிராத பெண்மக்களும் ஆவர்.