ஒரே இழையில் படமும் பாடமும்

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, பிள்ளைகளின் படிப்பு இணையத்துக்கு மாறிய காலத்தில், கிள்ளானில் ஒரு வீட்டார் நம்மிடம் ஒரு குறையைச் சொன்னார்கள். தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்த குடும்பம். கூடத்தில் பாட்டி நாடகம் பார்க்கத் தொடங்கினால், அறையில் பேரனின் பாடம் நின்றுவிடுகிறதாம். கூடுதல் பணம் கட்டி வேகமான திட்டத்துக்கு மாறலாமா என்று கேட்டார்கள். மாதச் சம்பளத்தில் அது சிறு தொகை அல்லவே! ஆகவே காரணத்தை முதலில் ஆராய்ந்தோம்.

டெலிகோம் மலேசியா நிறுவனம் 2010 மார்ச் மாதத்தில் கண்ணாடி இழை வழியாக யூனிஃபை சேவையைத் தொடங்கியது. முதலில் பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், சுபாங் ஜெயா, ஷா ஆலாம் ஆகிய பகுதிகளுக்கே அது கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சாரும், சுபாங் ஜெயாவும் ஒரு காலத்தில் தோட்டங்களாக இருந்தவை என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். அந்த இழையில் இணையமும் வந்தது. ஹிப்டிவி என்ற பெயரில் தொலைக்காட்சியும் வந்தது.

இழை ஒன்று, பாதைகள் வேறு. இணையத்துக்கு 500 என்றும் தொலைக்காட்சிக்கு 600 என்றும் எண்கள் கொடுக்கப்பட்டிருந்தன. தகவல் துண்டு ஒவ்வொன்றின் நெற்றியிலும் தன் பாதையின் எண் இருக்கும். பால்மரம் வெட்டுவோரும் வெளிக்காட்டு வேலைக்காரர்களும் ஒரே செம்மண் சாலையில் நடந்தாலும், பெயர்ப் பதிவேட்டில் அவர்கள் தனித்தனிக் கூட்டம் அல்லவா? அதுபோலத்தான். இந்தப் பிரிவினைக்கு விலேன் என்று பெயர்.

இனித் தொலைக்காட்சிப் படம் எப்படி அனுப்பப்படுகிறது என்று காண்போம். பெரட்டுக் களத்தில் கிராணியார் ஒவ்வோர் ஆளிடமும் போய் உத்தரவு சொல்வதில்லை. தண்டல்களிடம் ஒரு முறை சொல்கிறார்; தண்டல்கள் தத்தம் கூட்டத்துக்குச் சொல்கிறார்கள். மல்டிகாஸ்ட் என்பதும் இதுவே. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டீயரிங் என்பார் 1980-களில் வகுத்த முறை இது. ஒரு படத்துக்கு வினாடிக்கு 5 மெகாபிட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கட்டடத்தில் 100 வீடுகள் அதே நாடகத்தைப் பார்த்தால், தனித்தனியாக அனுப்ப 500 மெகாபிட் தேவை. மல்டிகாஸ்ட்டில் கட்டட வாசல்வரை 5 மெகாபிட் போதும். கம்பி பிரிகிற இடத்தில்தான் நகல் எடுக்கப்படும்.

யாருக்கு நகல் வேண்டும் என்பதை யார் சொல்வது? பாட்டி அலைவரிசையை மாற்றியதும், தொலைக்காட்சிப் பெட்டி ‘இந்தக் கூட்டத்தில் என்னைச் சேர்த்துக்கொள்’ என்று ஒரு சிறு செய்தி விடுகிறது. நல்ல சுவிட்ச் அந்தச் செய்தியைக் காது கொடுத்துக் கேட்டு, கேட்ட துளைக்கு மட்டும் படத்தை விடும். மலிவான சுவிட்சுக்கு அந்தக் காது கிடையாது. படத்தை எல்லாத் துளைகளிலும் கொட்டிவிடும்.

கிள்ளான் வீட்டில் நடந்தது அதுதான். ரௌட்டரில் தொலைக்காட்சிக்கென ஒரு துளை தனியே இருந்தது. இரண்டு கம்பி இழுக்க வேண்டாமென்று, அந்தத் துளையையும் இணையத் துளையையும் சேர்த்து ஒரு சின்ன சுவிட்சில் செருகியிருந்தார்கள். பிரித்து வைத்த பாதைகள் இரண்டும் அங்கே ஒன்றாகிவிட்டன. நாடகம் வீட்டு இணையத்துக்குள் புகுந்து, வைஃபையிலும் ஏறியது. வைஃபையில் இத்தகைய பொதுச் செய்திகளை, எல்லாருக்கும் கேட்க வேண்டுமென்று பெரும்பாலும் மெதுவான வேகத்திலேயே அனுப்புவார்கள். காற்றுவெளி முழுவதையும் நாடகமே பிடித்துக்கொண்டது. இதற்கு வேகமான திட்டம் வாங்கி என்ன பயன்?

வேறொரு கோளாறும் உண்டு. காது உள்ள சுவிட்சுக்கு, ‘இன்னும் பார்ப்பவர் யார்?’ என்று அவ்வப்போது கேட்கும் ஒருவர் அந்தப் பாதையில் வேண்டும். வழக்கமாக 125 வினாடிக்கு ஒரு முறை இந்தக் கேள்வி எழும். 260 வினாடி பதில் காணாவிட்டால் பெயரை அடித்துவிடும். கேட்பவரே இல்லாவிட்டாலோ, படம் நன்றாகத் தொடங்கி, நான்கு நிமிடம் கழிந்ததும் உறைந்து நிற்கும். பெட்டி கெட்டுவிட்டதென்று புதிது வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பள்ளிகளில் சிக்கல் வேறு விதம். அலுவலகம், வகுப்பறை, கணினிக் கூடம் என்று மூன்று விலேன்கள் இருந்தால், மண்டபத்தில் எடுக்கும் படம் தானாக வேலி தாண்டாது. ரௌட்டர் வழியாகத் தாண்டவைத்தால், விலேனுக்கு ஒன்றாக மூன்று நகல் ஒரே கம்பியில் ஓடும்; 5 மெகாபிட் 15 ஆகும். இதற்கு வழி, படத்துக்கென்றே நான்காவது விலேன் அமைப்பது. அதில் ஒரே நகல் வரும். கடைசி சுவிட்ச் அதை, கேட்ட துளைகளுக்கு, அவை எந்த விலேனைச் சேர்ந்தவையானாலும், எடுத்துக் கொடுக்கும். படம் மட்டுமே வேலி தாண்டும். மாணவர் கணினி அலுவலகக் கோப்புகளை எட்டிப் பார்க்க முடியாது. எம்.வி.ஆர். எனும் இந்த வசதி எல்லா சுவிட்சுகளிலும் இராது. வாங்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது.

கிள்ளான் வீட்டில் அவ்வளவு தேவைப்படவில்லை. சின்ன சுவிட்சைக் கழற்றிவிட்டு, தொலைக்காட்சிப் பெட்டிக்குத் தனிக் கம்பி ஒன்று இழுத்தார்கள். அன்று இரவு நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேரன் கணக்குப் பாடத்தை முடித்தான். திட்டத்தை மாற்றவில்லை.