விழுமியமும் அரசியலும்

சமத்துவம், சமயப்பற்று, மொழிப்பற்று, மரபு பேணல் ஆகியவற்றை விழுமியங்கள் என்கிறோம். ஒருவர் போற்றும் விழுமியத்தை அறிந்தால் அவருடைய அரசியலையும் அறிந்துவிடலாம் எனப் பலர் கருதுவர். ஆனால், எந்த விழுமியம் எந்த அரசியலோடு சேரும் என்பதை அம்மண்ணின் கடந்தகாலமே பெரிதும் முடிவு செய்கிறது.

மேற்கு ஐரோப்பாவில் மரபையும் ஒழுங்கையும் விரும்புவோர் பெரும்பாலும் வலதுசாரி அரசியலை நாடுவர். 1989 வரை பொதுவுடைமை ஆட்சி நிலவிய கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலோ, அத்தகையோர் இடதுசாரிகள் பக்கம் நின்றனர். அவர்கள் பழகியிருந்த ஒழுங்கு பொதுவுடைமை ஆட்சியின் ஒழுங்கே ஆகும்.

தமிழகத்தின் வரலாறு வேறு வகையான இணைப்பைக் காட்டுகிறது. மறைமலையடிகள் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கியவர். இன்று தாம்பரத்தில் உள்ள அக்கல்லூரி அப்போது சென்னை நகருக்குள் இருந்தது. அடிகள் 1911இல் பணியிலிருந்து விலகிப் பல்லாவரத்தில் வாழ்ந்தார். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். அவர் ஆழ்ந்த சிவநெறியாளர். 1925இல் சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கிய ஈ.வெ. இராமசாமியோ கடவுள் மறுப்பாளர்.

1938இல் இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. பொதுமொழி நாட்டை ஒன்றிணைக்கும் என்பது விடுதலைப் போராட்டம் வளர்த்த விழுமியம். அதனை எதிர்த்த போராட்டத்தில் அடிகளும் ஈ.வெ.ரா.வும் ஓரணியில் நின்றனர். அடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் அவ்வாண்டு நவம்பர் 13 அன்று சென்னையில் கூடிய பெண்கள் மாநாடே ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்னும் பட்டத்தை வழங்கியது.

இவ்விணைப்பு ஒரே நாளில் தோன்றியதன்று. தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைக் கால்டுவெல் 1856இல் விளக்கினார். கல்வியிலும் அரசுப் பணியிலும் நிலவிய சாதி ஏற்றத்தாழ்வை 1916இல் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை எடுத்துரைத்தது. இவற்றால் தமிழின் உயர்வும் தமிழரின் சமத்துவமும் ஒன்றோடொன்று சேர்த்தே எண்ணப்பட்டன. ஆகவேதான், பழந்தமிழைப் போற்றுவதும் பழைய வழக்கங்களைச் சீர்திருத்துவதும் இங்கு ஒரே அரசியலில் இடம்பெற்றன. சுயமரியாதைத் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு அளித்த அண்ணா அரசே, 1968இல் இருமொழிக் கொள்கையையும் ஏற்றது.

மாணவர்களே, 18 வயதில் நீங்கள் வாக்காளர் ஆவீர்கள். உங்கள் விழுமியத்தின் பெயரால் ஓர் அரசியல் உங்களை அழைக்கும்போது, அவ்விரண்டும் எப்போது, எக்காரணத்தால் இணைந்தன என வினவுங்கள். அக்காரணம் இன்றும் பொருந்துகிறதா என ஆராய்ந்து முடிவெடுங்கள். அதே விழுமியத்தை உடைய ஒருவர் வேறு அரசியலைத் தேர்ந்தால், அவர் கடந்துவந்த வரலாற்றையும் கேட்டறியுங்கள்.