முனகும் சக்கரம்

கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய ஏ.டி.வி. வண்டிகளைக் கரடுமுரடான தடங்களில் ஓட்டிக் காட்டும் பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டி, 2007இல் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் தொடங்கியது. அண்மை ஆண்டுகளில் ஹைதராபாத்தை அடுத்த நர்சாபூரிலும், பி.வி.ராஜு தொழில்நுட்பக் கல்லூரி வளாகத்தில், நடந்திருக்கிறது. நான்கு மணி நேரம் ஓயாமல் ஓட வேண்டிய சுற்றுதான் அதன் உச்சம். பள்ளமும் மேடும் தரும் அத்தனை அடியையும் வாங்குவது சக்கரத்தின் நடுவில் இருக்கும் பேரிங்.

ஹைதராபாத் மண் பேரிங்குக்குப் பொல்லாதது. நகரமே பழம்பெரும் கிரானைட் பாறையின் மேல் இருக்கிறது. அந்தப் பாறை சிதைந்த மணலில் குவார்ட்ஸ் துகள் நிறைய உண்டு. கடினப்படுத்திய பேரிங் எஃகைவிடக் குவார்ட்ஸ் கடினமானது. பேரிங்கை மூடும் ரப்பர் சீலைத் தாண்டி ஒரு துகள் உள்ளே போனால் குண்டுகள் உருளும் பாதையில் குழி விழும். தண்ணீரும் சளைத்ததல்ல. ஓடிச் சூடேறிய சக்கரத்தில் உடனே தண்ணீரைப் பீய்ச்சினால் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. அந்தச் சுருக்கமே சீலின் உதடு வழியாக நீரை உறிஞ்சிக்கொள்கிறது. வண்டியைப் பளபளப்பாகக் கழுவுபவர்களின் பேரிங் சீக்கிரம் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தேய்ந்த பேரிங் முதலில் ஒலியால் பேசும். பரவலாகப் புழங்கும் 6205 வகையில் ஒன்பது குண்டுகள். வெளி வளையத்தில் ஒரு குழி இருந்தால் சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் சுமார் 3.6 தட்டுகள் விழும். உள் வளையத்தில் என்றால் சுமார் 5.4. சுற்றளவு 2 மீட்டர் உள்ள டயர் மணிக்கு 36 கிலோமீட்டரில் நொடிக்கு ஐந்து முறை சுற்றும். அதாவது நொடிக்கு 18 அல்லது 27 தட்டுகள். நம் காதில் விழும் 'உர்ர்' முனகல் இதுதான். வேகத்தோடு சுருதி ஏறும். வளைவில் வெளிப்புறச் சக்கரத்தின் மேல் பாரம் சாய்வதால், இடப்பக்கம் திரும்பும்போது முனகல் கூடினால் வலப்பக்கச் சக்கரத்தைச் சந்தேகிக்கலாம்.

அடுத்த சாட்சி கை. வண்டியை ஜாக்கியில் தூக்கி, உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்ததும் பேரிங்தான் என்று முடிவுகட்டக் கூடாது. இன்னொருவர் உள்பக்கம் பார்க்கட்டும்: பேரிங் உட்காரும் கூடான நக்கிளும் சேர்ந்து ஆடினால் கோளாறு பால் ஜாயிண்டில், நக்கிள் அசையாமல் சக்கரம் பொருந்தும் ஹப் மட்டும் ஆடினால் பேரிங்கில்.

மாற்று பேரிங் செகந்திராபாத் ராணிகஞ்சில் கிடைக்கும். எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும்: கடைசி இரு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் என்றால், அதை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம். 6205 என்றால் 25 மில்லிமீட்டர். எண்ணின் பின்னால் 2ஆர்எஸ் என்றிருந்தால் இருபுறமும் ரப்பர் சீல். சேற்று வண்டிக்கு அதுதான் வேண்டும். அச்சு மங்கிய, விலை நம்ப முடியாத அளவு குறைந்த சரக்கைத் தொடவே வேண்டாம்.

என் கவலையெல்லாம் பொருத்தும் விதத்தைப் பற்றித்தான். நக்கிளுக்குள் இறக்கும்போது உள் வளையத்தில் சுத்தியலால் அடிக்கிறார்கள். அந்த அடி குண்டுகள் வழியாக வெளி வளையத்துக்குப் போகிறது. குண்டு தொடும் இடமோ மிகச் சிறிய புள்ளி. புது பேரிங் ஓடுவதற்கு முன்பே தழும்பு ஏறிவிடும். எந்த வளையம் இறுக்கமாக உட்காருகிறதோ அதை மட்டுமே அழுத்த வேண்டும்.

அலுமினிய நக்கிள் என்றால் அடியே தேவைப்படாது. எஃகைவிட அலுமினியம் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். நூறு டிகிரிக்குச் சூடேற்றினால் 6205 உட்காரும் 52 மில்லிமீட்டர் துளை சுமார் 0.08 மில்லிமீட்டர் அகலும். குளிர்பெட்டியில் வைத்த பேரிங் தானாகவே உள்ளே இறங்கிவிடும். பிறகு பேரிங்கை நழுவாமல் பிடிக்கும் சர்க்கிளிப்பைப் பள்ளத்தில் முழுதாக உட்கார வைத்து, புது ஆயில் சீல் போட்டு, ஆக்சில் நட்டை நிறுவனக் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கி, புதிய ஸ்பிளிட் பின்னைச் செருக வேண்டும். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் டயரை மறுபடி ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.