தூக்கு, நகர்த்து, இறக்கு, திரும்பு: சுமையை நடக்க வைக்கும் இயந்திரம்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

வழக்கமா இங்க சாஃப்ட்வேர் பேசுவோம். இன்னைக்கு கொஞ்சம் இரும்பு பேசலாம். கடைசியில எப்படியும் சாஃப்ட்வேருக்குத்தான் வந்து நிற்போம். அதுவும் நான் எழுதின ஒரு தப்பான கோடுக்கு.

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போற ரோட்டுல சுமார் 20 கிலோமீட்டர் போனா திருமயம். ஊரை நெருங்கும்போதே குன்று மேல கோட்டை தெரியும். 1687-ல சேதுபதி கட்டினது. இந்தக் காலத்துல ஊருக்கு இன்னொரு அடையாளமும் இருக்கு: பெல் நிறுவனத்தோட பைப்பிங் ஆலை. 2013 ஆகஸ்ட் 2-ஆம் தேதி அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் அதை நாட்டுக்கு அர்ப்பணிச்சார். அனல் மின் நிலையங்களுக்கான குழாய் அமைப்புகள் தயாராகிற இடம்.

நான் போனது அங்கே இல்லை. அந்த வட்டாரத்துல என் நண்பனோட மாமா நடத்துற ஒரு சின்னப் பட்டறைக்கு. வெல்டிங், கட்டிங், பைப் வேலை. அங்க ஒரு பிரச்சினை இருந்தது. கேட்க சுலபமா இருக்கும்: ஒரு பைப்பை இங்கிருந்து அங்க எப்படி நகர்த்துறது?

ஏன் உருட்டக் கூடாது, ஏன் இழுக்கக் கூடாது?

பைப் உருண்டைதானே, உருட்டி விட்டா போச்சுன்னு தோணும். 8 இஞ்ச் பைப், ஷெட்யூல் 40, 6 மீட்டர் நீளம்னா எடை சுமார் 255 கிலோ. அதே பைப் ஷெட்யூல் 80-ல வந்தா சுவர் கனம் கூடி சுமார் 390 கிலோ. இது உருள ஆரம்பிச்சா நிறுத்துறது கஷ்டம். பக்கத்து பைப்போட மோதும், வெல்டிங்குக்காகச் சீவி வெச்ச முனை நசுங்கும். நடுவுல ஒருத்தர் கால் இருந்தா கேட்கவே வேண்டாம்.

சரி, இழுத்தா? வீடு மாத்தும்போது பீரோவை இழுத்திருப்பீங்க. தரையில கோடு விழும். ஹவுஸ் ஓனர் அட்வான்ஸ்ல பிடிப்பார். அதனால என்ன பண்ணுவோம்? ரெண்டு பேர் சேர்ந்து லேசா தூக்கி, ஒரு அடி நகர்த்தி, கீழே வெச்சு, மூச்சு வாங்கிட்டு, மறுபடி தூக்குவோம்.

அந்த பீரோ டெக்னிக்தான் வாக்கிங் பீம். தமிழ்ல சொன்னா, நடக்கும் உத்திரம்.

ரெண்டு ஜோடி உத்திரம் கற்பனை பண்ணிக்கோங்க. ஒரு ஜோடி தரையோட நிலையா நிற்கும். சுமை ஓய்வெடுக்கிற இடம் அது. இன்னொரு ஜோடி நடுவுல, அசையக் கூடியது. அது மேலே வரும், எல்லாச் சுமையையும் ஒரே நேரத்தில் தூக்கும், ஒரு படி முன்னால போகும், கீழே இறங்கும். இறங்கும்போது சுமை நிலையான உத்திரத்தில் உட்கார்ந்துவிடும். அசையும் உத்திரம் வெறுங்கையோட பழைய இடத்துக்குத் திரும்பும். தூக்கு, நகர்த்து, இறக்கு, திரும்பு. இந்த நாலுதான் மொத்த இயந்திரமும்.

விசாகப்பட்டினத்தில் 200 டன்

இதை ரொம்பப் பெரிய அளவுல பார்க்கணும்னா எஃகு ஆலைக்குப் போகணும். விசாகப்பட்டினம் எஃகு ஆலையில 250-க்கு 320 மில்லிமீட்டர் குறுக்களவு உள்ள இரும்புக் கட்டைகளை, அவங்க மொழியில ப்ளூம், சூடாக்கி 125-க்கு 125 பில்லெட்டா உருட்டுறாங்க. அந்தச் சூடாக்கும் வேலைக்கு ரெண்டு வாக்கிங் பீம் உலைகள். ஒவ்வொன்றும் மணிக்கு 200 டன் திறன்.

கணக்குப் போட்டுப் பாருங்க. அந்த அளவுல ஒரு மீட்டர் ப்ளூம் சுமார் 630 கிலோ. ஒரு துண்டு 6 மீட்டர்னு வெச்சுக்கிட்டா கிட்டத்தட்ட 3.8 டன். மணிக்கு 200 டன்னா சுமார் 53 துண்டு. அதாவது 70 விநாடிக்குள்ள ஒன்று செக்கச் சிவந்து வெளியே வரணும்.

பழைய மாதிரி உலைகளில் பின்னாலிருந்து தள்ளுவாங்க. ஒன்றை ஒன்று முட்டிக்கிட்டு வரிசையா சறுக்கிப் போகும். அடிப்பக்கம் உராய்ந்து கீறல் விழும். துண்டுகளுக்கு நடுவுல இடைவெளி விட முடியாததால பக்கவாட்டுல சூடு ஏறாது. தாங்குற கம்பிமேலேயே கடைசி வரைக்கும் இருக்கிற இடம் மட்டும் கொஞ்சம் குளிர்ந்த பட்டையா நிற்கும். பழுது பார்க்க உலையைக் காலி பண்ணணும்னாலும் வம்பு, பின்னால தள்ள ஏதாவது ஒன்று வேணுமே. நடக்கும் உத்திரத்தில் இந்தத் தொல்லைகள் எல்லாமே குறையும். இடைவெளி விடலாம், தாங்கும் இடம் மாறிக்கிட்டே இருக்கும், தள்ள ஆளில்லாமலே கடைசித் துண்டு வரைக்கும் வெளியே நடத்திக் கொண்டு வரலாம்.

ஒரு மோட்டார், ஒரு வட்டம்

இப்ப கேள்வி: அந்த உத்திரத்தை எது அசைக்குது?

முதல் வழி கிராங்க். ஊட்டி மலை ரயிலோட நீராவி எஞ்சினைப் பார்த்திருப்பீங்க. சக்கரங்களை இணைச்சு ஒரு நீளமான கம்பி இருக்கும். சக்கரம் சுத்தும்போது அந்தக் கம்பி சாயவே சாயாது. படுத்தபடியே மேலே, முன்னால, கீழே, பின்னாலன்னு வட்டமடிக்கும். அதையே பெருசா பண்ணி மேல பைப்பை வெச்சா வாக்கிங் பீம் ரெடி. ஒரே மோட்டார் போதும்.

ஒரு சிக்கல் உண்டு. நிலையான உத்திரம் வட்டத்தின் நடு உயரத்தில் இருந்தா, சுமையைத் தொடுற நொடியில் உத்திரம் நேரே மேல்நோக்கி முழு வேகத்துல வரும். 'டம்'னு ஒரு அடி. கீழே வைக்கும்போதும் அதே அடி. அடியைக் குறைக்க நிலையான உத்திரத்தை உயர்த்தினா, படியோட நீளம் சுருங்கும், தொடும்போது லேசா உரசவும் செய்யும். லேசான சுமைக்கு ஓகே. டன் கணக்குல போனா மோட்டாரை மெதுவா ஓட்டணும்.

ரெண்டாவது வழி, வட்டத்தை வேற வடிவமா மாத்துறது. 1878-ல பாரிஸ் கண்காட்சியில ரஷ்யக் கணித மேதை செபிஷேவ் ஒரு நடக்கும் இயந்திரத்தைக் காட்டினார். சில கட்டைகளையும் ஆணிகளையும் வெச்சே, வட்டச் சுழற்சியை நேர்கோட்டு நடையா மாத்துற அமைப்பு.

இதை வீட்டிலேயே பண்ணலாம். அட்டைப் பெட்டியும் குண்டூசியும் போதும். பலகையில 4 செ.மீ. இடைவெளியில ரெண்டு ஊசி. ஒன்றில் சுத்தும் 2 செ.மீ. கை. மற்றதில் ஆடும் 5 செ.மீ. கை. மூணாவதா 10 செ.மீ. பட்டை ஒன்று: அதன் ஒரு முனை சுத்தும் கையின் நுனியில, சரியா நடுப்புள்ளி ஆடும் கையின் நுனியில. மீதி இருக்கிற முனையில பென்சில் சொருகிச் சுத்துங்க. பாதிச் சுற்றுக்கு பென்சில் கிட்டத்தட்ட நேராக 8 செ.மீ. கோடு போடும். மீதிப் பாதியில சுமார் 1.8 செ.மீ. உயரத்துக்கு வளைஞ்சு திரும்பி வரும். தலைகீழா மாட்டினா, சுமையோட நேரா போய், வெறுங்கையோட கீழ்வழியா வளைஞ்சு திரும்புற இயந்திரம்.

இந்த ரெண்டு வழியிலும் ஒரு பெரிய நல்ல குணம் இருக்கு, கவனிச்சீங்களா? வரிசை இரும்புலேயே எழுதியிருக்கு. தூக்காம நகர்த்தணும்னு நினைச்சாலும் அதால முடியாது.

ரெண்டு அச்சு, ரெண்டு சிலிண்டர்

மூணாவது வழிதான் கனமான வேலைகளில் அதிகம். தூக்குறதையும் நகர்த்துறதையும் பிரிச்சுடுவாங்க. ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர், சக்கரம் வெச்ச சட்டத்தை ஒரு சரிவுமேல ஏற்றும். அதனால உத்திரம் மேலே வரும். இன்னொரு சிலிண்டர் உத்திரத்தை முன்னால தள்ளும். பாதை வட்டமா இல்லாம செவ்வகமா ஆயிடும்.

இதுல சுதந்திரம் அதிகம். சுமையைத் தொடப் போற இடம் வரைக்கும் வேகமா வந்து, தொடும்போது மெதுவாகி, தொட்ட பிறகு மறுபடி வேகமெடுக்கலாம். பூனை கால் வைக்கிற மாதிரி. படி நீளத்தைத் தேவைக்கு மாத்தலாம். முன்னால போகாம அதே இடத்துல ஏறி இறங்கிக்கிட்டும் இருக்கலாம்.

சுதந்திரத்துக்கு ஒரு விலையும் உண்டு. வரிசை இப்ப இரும்புல இல்லை, கோடுல இருக்கு.

என் மூணு விநாடி

அந்தப் பட்டறையில இருந்தது இந்த மூணாவது வகை. அவங்களே அடிச்சுச் செஞ்சது. ஒரே நேரத்தில் ஆறு பைப்பை நடத்தும். பைப் உருளாம இருக்க ஒவ்வொரு இடத்திலும் 'வி' வடிவப் பள்ளம். கட்டுப்படுத்த ஒரு சின்ன பி.எல்.சி. "நீதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே"ன்னு நண்பன் என்னைக் கூப்பிட்டான்.

நான் எழுதினது ரொம்ப எளிமை. 3 விநாடி தூக்கு. 4 விநாடி நகர்த்து. 3 விநாடி இறக்கு. 4 விநாடி திரும்பு. ஷெட்யூல் 40 பைப் வெச்சு மதியம் முழுக்க ஓட்டினோம். அருமையா நடந்தது. வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் கூட வெச்சேன்.

மறுநாள் ஷெட்யூல் 80 ஏத்தினாங்க. ஆறு பைப் முன்னாடி ஒன்றரை டன், இப்ப 2.3 டன். பம்பு பழசு. சுமை கூடினா உள்ளுக்குள்ளேயே எண்ணெய் கசிஞ்சு வேகம் குறையும். மூணு விநாடியில உத்திரம் பாதிதான் ஏறியிருந்தது. என் கோடுக்கு அது தெரியாது, மணி ஆச்சுன்னு நகர்த்திடுச்சு. பள்ளத்தை விட்டு வெளியே வராத பைப்புகள் விளிம்புல மாட்டின. கடைசி பைப் எகிறி, உருண்டு, தரையில விழுந்தது. 390 கிலோ. அந்த இடத்துல நின்னுக்கிட்டிருந்த பையன் அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் டீ வாங்கப் போயிருந்தான்.

யாருக்கும் அடி இல்லை. ஆனா அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை.

நம்ம வேலையில இதுக்குப் பேர் ரேஸ் கண்டிஷன். ஒரு வேலை முடிஞ்சிருக்கும்னு நம்பி அடுத்ததை ஆரம்பிக்கிறது. ஆஃபீஸ்ல அது வந்தா ஒரு பக்கம் லோடு ஆகாது, டிக்கெட் போடுவாங்க. இங்க பைப் விழும்.

திருத்தினது இப்படி: உத்திரத்தோட ரெண்டு முனையிலும் மேலே ஒரு சென்சார், கீழே ஒரு சென்சார். ரெண்டு முனையும் 'மேலே வந்துட்டேன்'னு சொன்னாத்தான் நகர்த்தணும். ரெண்டும் 'கீழே இறங்கிட்டேன்'னு சொன்னாத்தான் திரும்பணும். டைமரைத் தூக்கிப் போடலை, ஆனா அதோட வேலையை மாத்தினேன். முன்னாடி அது அனுமதி கொடுத்தது. இப்ப சந்தேகப்படுது: 6 விநாடிக்குள்ள சென்சார் பதில் சொல்லலைன்னா எல்லாத்தையும் நிறுத்தி மணி அடி. கரண்ட் போய் வந்தா தானா தொடராது. எந்த நிலையில நிற்குதுன்னு ஆள் பார்த்து, பட்டன் அமுக்கணும்.

முட்டுக்கட்டை

இதோட முடிஞ்சதுன்னு நினைச்சேன். அங்க ஒரு மூத்த ஃபிட்டர் இருக்கார். நாப்பது வருஷ அனுபவம். சென்சார் மாட்ட, தூக்கி நின்ன உத்திரத்துக்குக் கீழே நான் கையை விட்டேன். தோளைப் பிடிச்சு இழுத்தார்.

"என்ன தம்பி பண்றீங்க?"

"பம்பை ஆஃப் பண்ணிட்டேன்ணே."

"பம்பு நின்னா, மேல இருக்கிற எடையும் நின்னுடுமா?"

சரியான கேள்வி. 2.3 டன்னை 10 செ.மீ. தூக்கி வெச்சிருக்கோம். அதுல அடங்கியிருக்கிற ஆற்றல், 230 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுறதுக்குச் சமம். ஸ்விட்சை அணைச்சா மின்சாரம் போகும், புவியீர்ப்பு போகாது. ஒரு ஹோஸ் வெடிச்சா, ஒரு சீல் தேய்ஞ்சா, உத்திரம் இறங்கும். என் கை அங்கே இருந்தது.

அவர் ஒரு இரும்புக் கட்டையை எடுத்து உத்திரத்துக்குக் கீழே சொருகினார். "தேர் இழுக்கும்போது ஊரே வடம் பிடிக்கும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுறவன் ஒருத்தன் இல்லைன்னா தேர் நிக்காது"ன்னார். இப்ப அந்தக் கட்டைக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சு, இயந்திரத்தோடவே சங்கிலியில தொங்குது. அது சொருகியிருந்தா பம்பு ஸ்டார்ட் ஆகாதபடி ஒரு ஸ்விட்சும் வெச்சாச்சு. சுத்தி வேலியும் வந்துடுச்சு. ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்கு வேலி வேணும்னு 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தோட 21-ஆம் பிரிவே சொல்லியிருந்தது. அந்தச் சட்டம் வந்தப்ப பி.எல்.சி.யே கிடையாது.

இதைக் கேட்கிற உங்களில் நிறைய பேர் என்னை மாதிரி கோடு எழுதுறவங்க. நாளைக்கு ஒரு தொழிற்சாலைக்காக எழுத வேண்டி வந்தா ரெண்டு கேள்வி கேளுங்க. முந்தின வேலை முடிஞ்சதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கரண்ட் போன பிறகும் எது விழும்?

முதல் கேள்விக்குச் சென்சார் பதில் சொல்லும். ரெண்டாவதுக்கு அந்த மஞ்சள் கட்டைதான்.

அட்டைப் பெட்டி இயந்திரத்தைச் செஞ்சு பார்த்தவங்க வீடியோ அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.