ஸம்மன் வந்தால்…?

"ஸார், கோர்ட்டிலிருந்து ஸம்மன்!" என்று வாசலில் குரல் கேட்டதும் நம்மில் பலருக்குக் கைகால் வெலவெலத்துப் போகிறது. கொல்லைப்புறமாக நழுவுகிறவர்கள் உண்டு. "அப்பா ஊரில் இல்லையென்று சொல்" என்று குழந்தைக்குப் பொய் கற்பிக்கிறவர்களும் உண்டு. இதனால் வழக்கு நின்று விடுமா? நிற்காது. வாங்க மறுத்தால் கோர்ட்டுச் சேவகர் அதைக் கதவில் ஒட்டிவிட்டுப் போவார். அதையே சார்வாகக் கோர்ட்டார் ஒப்புக்கொள்ளக் கூடும்.

உண்மையில் ஸம்மன் தண்டனையன்று. "உம்மேல் ஒருவர் இப்படிச் சொல்லுகிறார், உமது பதில் என்ன?" என்னும் கேள்விதான் அது. 1908-ம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டப்படி அதனுடன் பிராதின் நகலும் வர வேண்டும். முதலில், அது கைக்கு வந்த தேதியை ஒரு மூலையில் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு எந்தக் கோர்ட்டு, வழக்கு நம்பர் என்ன, வாய்தா என்றைக்கு, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று நிதானமாய்ப் படியுங்கள்.

சாதாரணக் கடன் வழக்கில் பதில் மனு கொடுக்க 30 நாள் தவணை. தக்க காரணமிருந்தால் கோர்ட்டார் 90 நாள் வரை நீட்டலாம். புரோநோட்டின்மேல் 37-வது ஆர்டர்ப்படி வழக்குத் தொடுத்திருந்தாலோ, 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும். தவறினால் வாதி சொன்னதெல்லாம் ஒப்புக்கொண்டதாகிவிடும்!

அடுத்தபடி, கணக்கைப் பாருங்கள். நீங்கள் கட்டிய தொகைகள் வரவு வைக்கப்பட்டிருக்கின்றனவா? கேட்டபோது தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து 3 வருஷமே கெடு. அதற்குள் கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொண்டிருந்தாலும், ஒரு தொகை செலுத்திப் பின்புறத்தில் வரவெழுதிக் கையெழுத்திட்டிருந்தாலும் கெடு அன்றிலிருந்து புதிதாய்த் தொடங்கும்.

பேசாமலிருந்தால் எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகும். பின்பு சம்பளத்தின் ஒரு பகுதிக்கும் சொத்துக்கும் ஜப்தி வரலாம். ஸம்மன் சார்வாகவில்லை என்றோ, வர முடியாததற்குத் தக்க காரணம் உண்டென்றோ காட்டி டிக்ரியை ரத்து செய்யக் கோரலாம். அதற்கும் 30 நாள்தான் கெடு.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று மலைக்க வேண்டாம். 1987-ம் வருஷத்துச் சட்டம் ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி அளிக்கிறது. பெண்களுக்கோ, வருமானம் எவ்வளவாயினும் அந்த உரிமை உண்டு.

வாங்கிய கடனை இல்லையென்பது அதர்மம். ஆனால் கொடுத்து விட்ட பணத்தை மறுபடியும் கொடுப்பது தர்மமாகி விடாது. அதை எடுத்துச் சொல்ல வேண்டிய இடம் கொல்லைப்புறமல்ல; கோர்ட்டுத்தான்.