ஜீப்பில் மலைப் பயணமா? முதலில் எக்ஸெல்லைத் திறங்கள்!

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு டிசம்பர் மாதம். சித்தப்பாவின் பழைய ஃபோர் வீல் டிரைவ் டீசல் ஜீப்பை எடுத்துக் கொண்டு, அப்பாவும் நானும் திண்டுக்கல்லில் இருந்து தாண்டிக்குடி பக்கம் கிளம்பினோம். நண்பரின் காப்பித் தோட்டத்தில் டென்ட் அடித்து ஒரு இரவு தங்குவது திட்டம். அப்பாவுக்கு இன்சுலின் இருப்பதால் 12 வோல்ட்டில் ஓடும் சின்ன ஃபிரிட்ஜ் ஒன்றையும் வாங்கி ஜீப்பில் வைத்திருந்தேன். கூடவே லேப்டாப், இன்வெர்ட்டர், எல்.இ.டி. விளக்குகள். எல்லாம் ஜோராக இருந்தது, காலை 6 மணி வரை.

சாவியைத் திருப்பினேன். "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஃபிரிட்ஜும் நின்று போயிருந்தது. போனில் சிக்னல் இல்லை. தோட்டத்தில் வேலை செய்யும் நாலு பேர் வந்து சரிவில் தள்ளிவிட்ட பிறகுதான் வண்டி கிளம்பியது. பழைய டீசல் இன்ஜின் என்பதால் தப்பித்தோம். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியாக இருந்தால் தள்ளியும் பயன் இல்லை.

மலைக் குளிரில் மருந்து கெடவில்லை. இதுவே மே மாதம், நம் திண்டுக்கல் சமவெளியின் வெயிலில் நடந்திருந்தால்?

இறங்கி வரும்போது அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏம்ப்பா, வீட்டு யு.பி.எஸ். எத்தனை நிமிஷம் தாங்கும்னு உனக்குத் தெரியும்ல? அந்தக் கணக்கை இதுக்கும் போட்டிருக்கக் கூடாதா?"

இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்கான பதில்தான். நீங்கள் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவராக இருந்தால், எக்ஸெல் பழக இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. ஜீப் இல்லாதவர்களும் படிக்கலாம். வீட்டு இன்வெர்ட்டருக்கும் இதே கணக்குதான்.

சின்னதாய் ஒரு சரித்திரம்

நம் நாட்டில் ஜீப் புதிது அல்ல. மஹிந்திரா நிறுவனம் 1947லேயே வில்லிஸ் ஜீப்புகளை இங்கே அசெம்பிள் செய்யத் தொடங்கிவிட்டது. 1955ல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனில் இருந்து கிளம்பி, இந்தியா வழியாக 1956ல் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். இப்படி வண்டியிலேயே சமைத்து, தூங்கி, தரை வழியாக நெடுந்தூரம் போவதை இப்போது "ஓவர்லேண்டிங்" என்கிறார்கள். 2020ல் வந்த புதிய மஹிந்திரா தார், 2023ல் வந்த ஐந்து கதவு மாருதி ஜிம்னி ஆகியவற்றுக்குப் பிறகு இந்த ஆசை நம் ஊர் இளைஞர்களிடமும் பரவியிருக்கிறது.

ஆசை வந்ததும் முதலில் என்ன செய்கிறோம்? கூரை டென்ட், கூடுதல் விளக்கு, ஃபிரிட்ஜ் என்று ஆன்லைனில் ஆர்டர் செய்கிறோம். அங்கேதான் தவறு. வண்டிக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று எடை, மற்றொன்று மின்சாரம். இரண்டையும் காசு செலவழிக்கும் முன்பே கம்ப்யூட்டரில் பார்த்துவிடலாம்.

ஷீட் 1: மின்சாரக் கணக்கு

கம்ப்யூட்டருடன் வாங்கிய யு.பி.எஸ்.ஸை நினைத்துப் பாருங்கள். சாதாரண 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்றுதான் இருக்கும். 12ஐ 7ஆல் பெருக்கினால் 84 வாட்-ஹவர். 84 வாட் எடுக்கும் பொருளை, கணக்குப்படி, ஒரு மணி நேரம் ஓட்டலாம். ஆனால் லோடு கூடக் கூட பேட்டரி கொடுக்கும் அளவு குறையும். இன்வெர்ட்டர் சர்க்யூட்டும் கொஞ்சம் தின்னும். அதனால்தான் மானிட்டரும் சி.பி.யு.வும் சேர்ந்தால் சில நிமிடங்களில் "பீப் பீப்" என்று கத்துகிறது. ஜீப் பேட்டரியும் இப்படித்தான். அளவு மட்டுமே பெரிது.

இப்போது எக்ஸெல்லைத் திறங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரெ ஆபீஸின் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

1. முதல் வரிசையில் பொருள், வாட், மணி, வாட்-ஹவர் என்று நான்கு தலைப்புகளை டைப் செய்யுங்கள்.

2. கீழே ஒவ்வொரு பொருளாக எழுதுங்கள். எத்தனை வாட் என்பது அடாப்டரின் அடியிலோ பெட்டியிலோ அச்சாகியிருக்கும்.

3. நான்காவது கட்டத்தில் சமக்குறி அடியுங்கள். வாட் உள்ள கட்டத்தைக் கிளிக் செய்யுங்கள். நட்சத்திரக் குறி அடியுங்கள் (கம்ப்யூட்டரில் பெருக்கல் குறி அதுதான்). மணி உள்ள கட்டத்தைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். விடை வந்துவிடும்.

4. அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள். மற்ற வரிசைகளுக்கும் ஃபார்முலா தானாக நிரம்பும்.

5. கடைசியில் ஆட்டோசம் பட்டனைக் கிளிக் செய்து கூட்டுத்தொகை எடுங்கள். அதை 12ஆல் வகுத்தால் ஆம்பியர்-ஹவர்.

அந்த இரவுக்கு நான் வீடு திரும்பிய பிறகு போட்ட கணக்கு இது.

ஃபிரிட்ஜ்: 45 வாட், கம்ப்ரஸர் ஓடிய நேரம் சுமார் 5 மணி = 225
லேப்டாப்: 65 வாட், 3 மணி, இன்வெர்ட்டர் இழப்பு சுமார் 15 சதவீதம் சேர்த்து = 225
விளக்குகள்: 12 வாட், 5 மணி = 60
இரண்டு போன்கள் = 30
மொத்தம் = 540 வாட்-ஹவர், அதாவது 45 ஆம்பியர்-ஹவர்

ஜீப்பில் இருந்தது 60 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. "60ல் 45 போனால் மீதி 15 இருக்குமே?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் வண்டியோடு வரும் பேட்டரி, ஸ்டார்ட் செய்யும் சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. பாதிக்கு மேல் இறக்கினால் ஸ்டார்ட்டரைச் சுற்றத் தெம்பு இருக்காது. அடிக்கடி இறக்கினால் பேட்டரியே சீக்கிரம் செத்துவிடும். ஆக, எனக்கு இருந்த எல்லை 30. நான் எடுத்தது 45.

தீர்வு என்ன?

முதல் விதி: வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் இரவில் எதையும் ஓட்டாதீர்கள். தனியாக இரண்டாவது பேட்டரி வையுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் உள்ள டியூபுலர் பேட்டரியைத் தூக்கி வைக்கலாமா? வேண்டாம். 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும். வண்டி சாயும்போது ஆசிட் சிந்தும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை விலை கூடுதல்தான். ஆனால் 50 ஆம்பியர்-ஹவருக்கு ஆறேழு கிலோ எடைதான். 80 சதவீதம் வரை தைரியமாகப் பயன்படுத்தலாம்.

லேப்டாப்புக்கு இன்வெர்ட்டர் வேண்டாம். 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை அடாப்டர் மறுபடி 19 வோல்ட் ஆக்குவது வீண் வேலை. டைப்-சி வழியாக சார்ஜ் ஆகும் லேப்டாப் என்றால் 65 வாட் கார் சார்ஜர் போதும். நானும் லேப்டாப் நேரத்தை 1 மணி ஆக்கி, 5 வாட் விளக்குக்கு மாறினேன். மொத்தம் 345 வாட்-ஹவர், சுமார் 29 ஆம்பியர்-ஹவருக்கு இறங்கிவிட்டது. 50ல் 80 சதவீதம் 40. தாராளமாகப் போதும்.

இரண்டாவது பேட்டரியை நிரப்ப டி.சி.-டி.சி. சார்ஜர் என்ற கருவி வேண்டும். இன்ஜின் ஓடும்போது மட்டும் ஆல்டர்னேட்டரில் இருந்து மின்சாரத்தை எடுத்து நிரப்பும். 20 ஆம்பியர் சார்ஜர் என்றால் அந்த 29 ஆம்பியர்-ஹவரை ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் நிரப்பிவிடும். திண்டுக்கல்லில் இருந்து கொடைக்கானல் ஏறுவதற்குள் பேட்டரி ஃபுல்!

ஒரு எச்சரிக்கை: பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் போடுங்கள். 12 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். ஷாக் அடிக்காது, ஆனால் ஷார்ட் ஆனால் ஒயர் தீப்பிடிக்கும். இந்த வேலையை நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். உங்கள் ஷீட்டைப் பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்தால் அவருக்கும் வேலை சுலபம்.

இன்சுலின் எடுத்துச் செல்பவர்களுக்கு: அது உறைந்தாலும் கெட்டுவிடும். ஃபிரிட்ஜை 2 முதல் 8 டிகிரிக்குள் செட் செய்யுங்கள்.

ஷீட் 2: எடைக் கணக்கு

சிறுமலையில் எலுமிச்சை, வாழைத்தார்களைக் குதிரை மேல் ஏற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். குதிரைக்காரர் கண்ணை மூடிக் கொண்டு ஏற்ற மாட்டார். இரு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும், குதிரை தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது. ஜீப்புக்கும் இதே நியாயம்தான்.

வண்டியின் கையேட்டில் இரண்டு எடைகள் இருக்கும். காலி எடை, அதிகபட்ச மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆட்கள், சாமான்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து உங்களுக்குக் கிடைக்கும் அளவு.

ஐந்து கதவு ஜிம்னியை உதாரணமாக எடுப்போம். மொத்த எடை வரம்பு 1545 கிலோ. காலி எடை மாடலைப் பொறுத்து 1195 முதல் 1210 வரை. 1210 என்று வைத்தால் மிச்சம் 335 கிலோ. 65 கிலோ வீதம் நான்கு பேர் உட்கார்ந்தால் 260 போய்விட்டது. மீதி 75. கூரை டென்ட் 55 கிலோ என்றால் மீதி 20. 20 லிட்டர் தண்ணீர் கேன் ஏற்றினால் மீதி பூஜ்யம்! அடுப்பு, ஃபிரிட்ஜ், அரிசி, பருப்பு, டூல்ஸ் எதுவுமே இன்னும் ஏறவில்லை.

இரண்டு பேர் மட்டும் போனால் 205 கிலோ கையில் இருக்கும். தரையில் அடிக்கும் சாதாரண டென்ட் எடுத்தால் இன்னும் நிறைய மிச்சம். இது ஷீட்டில் ஒரு எண்ணை மாற்றினாலே தெரிந்துவிடும். எக்ஸெல்லின் அழகே அதுதான்.

கூரையில் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கும் தனி வரம்பு உண்டு. கையேட்டைப் பாருங்கள். மேலே எடை ஏற ஏற வளைவில் வண்டி சாயும். சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள் என்பதை மறக்க வேண்டாம். கனமானதைக் கீழே, பின் சீட்டை ஒட்டி வைத்து, பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள்.

மேப்பை வீட்டிலேயே ஏற்றுங்கள்

போனில் உள்ள ஜி.பி.எஸ்.ஸுக்கு செல் சிக்னல் தேவையில்லை. அது நேராக சாட்டிலைட்டில் இருந்து வாங்குகிறது. சிக்னல் தேவைப்படுவது மேப் படத்துக்குத்தான். எனவே மேப்பை முன்பே டவுன்லோட் செய்துவிட்டால் போதும்.

1. கூகுள் மேப்ஸில் உங்கள் புரொஃபைல் படத்தைத் தட்டி, ஆஃப்லைன் மேப்ஸ் பகுதிக்குப் போய், திண்டுக்கல் முதல் கொடைக்கானல் வரை கட்டம் போட்டு டவுன்லோட் செய்யுங்கள். கிளம்பும் முன் அப்டேட் செய்யுங்கள்.

2. கம்ப்யூட்டரில் இலவசமான கூகுள் எர்த் புரோவை இன்ஸ்டால் செய்யுங்கள். ஆட் பாத் பட்டனை அழுத்தி, போகும் பாதையை மவுஸால் கிளிக் செய்து கொண்டே வாருங்கள்.

3. இடது பக்கப் பட்டியலில் அந்தப் பாதை மேல் ரைட் கிளிக் செய்து ஷோ எலிவேஷன் புரொஃபைல் கொடுங்கள். எங்கே செங்குத்து ஏற்றம் என்பது வரைபடமாக வரும்.

4. பாதையை கே.எம்.எல். பைலாக சேவ் செய்து போனுக்கு அனுப்புங்கள். ஆர்கானிக் மேப்ஸ் என்ற இலவச ஆப்பில் அந்தப் பைலைத் திறக்கலாம்.

லேப்டாப்பில் பழைய வகை ஹார்ட் டிஸ்க் இருந்தால் ஒரு கவனம். ஜீப் ஓடும்போது ஷட் டவுன் செய்து வையுங்கள். உள்ளே தட்டு சுற்றும்போது குலுங்கினால் டேட்டா போய்விடும். எஸ்.எஸ்.டி. என்றால் அந்த பயம் இல்லை.

வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

முன்னால் மாட்டும் இரும்பு பம்பர் கார்டு வேண்டாம். 2017 டிசம்பரில் மத்திய அரசு இதைச் சட்ட விரோதம் என்று அறிவித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

சாட்டிலைட் போன், சாட்டிலைட் மெசேஜ் கருவி ஆகியவற்றை வெளிநாட்டில் இருந்து வாங்கி வராதீர்கள். அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் வழக்கு வரும்.

காட்டுக்குள் டென்ட் அடிக்க வனத்துறை அனுமதி தேவை. சொந்தக்காரரிடம் கேட்டுத் தனியார் தோட்டத்தில் தங்குவதே நல்லது. அங்கும் காட்டுமாடு வரும், சாப்பாட்டை வெளியில் வைக்காதீர்கள். கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. கிளம்பும் முன் விதிகளைப் பார்த்துவிடுங்கள்.

அவசியம் எடுத்துச் செல்ல வேண்டியவை: பஞ்சர் கிட் (நம் சமவெளியில் சீமைக்கருவேல முள்ளுக்கு எந்த டயரும் விதிவிலக்கல்ல), 12 வோல்ட் கம்ப்ரஸர், இழுவைப் பட்டை, மண்வெட்டி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, ஜம்பர் கேபிள்.

கடைசியாக...

போன ஜனவரியில் அதே தோட்டத்துக்கு, அதே ஜீப்பில், அப்பாவோடு மறுபடி போனேன். காலை 6 மணிக்கு சாவியை அவரிடமே கொடுத்தேன். ஒரே திருப்பலில் ஸ்டார்ட் ஆனது. "இப்பதான் நீ இன்ஜினியர்" என்றார்.

நீங்கள் இன்றைக்கே ஒன்று செய்யலாம். வீட்டில் யு.பி.எஸ். அல்லது இன்வெர்ட்டரில் ஓடும் பொருட்களை முதல் ஷீட்டில் எழுதிக் கூட்டுங்கள். கரன்ட் போனால் எத்தனை நேரம் தாங்கும் என்று கணக்கிட்டு, அடுத்த முறை கரன்ட் போகும்போது கடிகாரத்தைப் பாருங்கள். பேட்டரி பழசாக இருந்தால் கணக்கில் வந்ததைவிட முன்பே அணைந்துவிடும். அந்த வித்தியாசத்தை மலை மேல் இருட்டில் தெரிந்து கொள்வதைவிட வீட்டு ஹாலில் தெரிந்து கொள்வது நல்லதுதானே!